கார் வராத தீவில் சைக்கிள்: 58 வயது அம்மாவால் முடியுமா?

மார்ச் 4, 2025

வாசகர் ஒருவர் கேட்டது: "அம்மா ஜூனில் சேலம் அம்மாபேட்டையிலிருந்து டொராண்டோ வருகிறார். வயது 58. பள்ளிக்கூட நாட்களில் சைக்கிள் ஓட்டியவர், கல்யாணத்துக்கு அப்புறம் தொட்டதில்லை. லேசான முட்டி வலி உண்டு. இங்கே ஒன்டாரியோ ஏரிக்குள் இருக்கும் டொராண்டோ தீவில் கார் கிடையாது, சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். கூட்டிப்போகலாமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்."

மார்ச் 4, இரவு

கூட்டிப்போங்கள் தம்பி. நான் ஓட்டிப் பார்த்தவள். 2023 ஆகஸ்டில், 59 வயதில், 28 வருடம் கழித்து சைக்கிளில் ஏறியது அந்தத் தீவில்தான். சேலத்துக் கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக் கரையில் அண்ணன் சைக்கிளை எடுத்துக் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவள் நான். அப்புறம் ஸ்கூட்டி வந்தது, சைக்கிள் போனது.

தரை முழுக்கச் சமம். பாலத்தின் முதுகு ஏறும்போது மட்டும் நாலு மிதி கூடுதலாக மிதிக்க வேண்டும். டொராண்டோ ஊர்க்கரையிலிருந்து படகில் கால் மணி நேரம். தீவை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்தோம், எனக்கு மூச்சு வாங்கவில்லை.

மார்ச் 5

நேற்று எழுதியதில் ஒரு தவறு. "முழுச் சுற்று" என்று எழுதிவிட்டேன். காலையில் மகளிடம் போனில் சொன்னபோது, "அம்மா, நாம் எங்கே சுற்றினோம்? போன வழியே திரும்பி வந்தோம்" என்றாள். அவள் சொல்வதுதான் சரி. அது வட்டமான தீவு இல்லை. சின்னதும் பெரிதுமாகப் பல தீவுகள் பாலங்களால் சேர்ந்து, கிழக்கு மேற்காக நீண்டு வளைந்து கிடக்கின்றன. கிழக்கு முனை வார்ட்ஸ் ஐலண்ட், நடுவில் சென்டர் ஐலண்ட், மேற்கில் ஹான்லன்ஸ் பாயிண்ட். அதற்கும் மேற்கே சிறிய விமான நிலையம், வேலி போட்டிருப்பார்கள். அங்கே திரும்பித்தான் ஆக வேண்டும்.

ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 5 கிலோமீட்டர் அளவில் இருக்கும். போய்வர 10. இடையில் வலது இடது என்று ஒதுங்கிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் அம்மாவுக்குப் பாதி போதும் என்றாலும் குறையில்லை. எந்த இடத்தில் நின்றாலும் தண்ணீர் தெரியும், மரம் இருக்கும், உட்காரப் பெஞ்சு இருக்கும்.

மார்ச் 5, மாலை

எந்தப் படகு என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஊர்ப்பக்கம் ஒரே துறைதான், யூனியன் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். அங்கிருந்து மூன்று இடங்களுக்குப் படகு பிரியும். வாடகை சைக்கிள் கடை இருப்பது சென்டர் ஐலண்டில், அதுவும் படகு நிற்கிற பக்கம் இல்லை. பூந்தோட்டத்தின் நடுவே தெற்குக் கரை வரைக்கும் நடக்க வேண்டும். முட்டி வலி உள்ளவருக்கு இந்த நடை ஒரு கணக்கு, நிதானமாகப் போங்கள். சொந்த சைக்கிள் கொண்டுபோனால் வார்ட்ஸ் அல்லது ஹான்லன்ஸ் படகில் ஏறுங்கள். கோடையில் கூட்டமான சனி, ஞாயிறுகளில் சென்டர் ஐலண்ட் படகில் சைக்கிளை ஏற்ற விடுவதில்லை. டிக்கெட் போகும்போது எடுப்பதுதான், வரும்போது கேட்க மாட்டார்கள். குளிர்காலத்தில் வார்ட்ஸ் படகு மட்டும் ஓடும். நீங்கள் ஜூனில் போவதால் கவலையில்லை.

மார்ச் 8

இன்று உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். இதைச் சொல்லாமல் படகு நேரத்தை மட்டும் சொன்னால் விஷயம் பாதிதான் வரும்.

கடையில் ஒரு நீல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். சீட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பிடி இருந்தது. அதைத் தளர்த்தி, இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படுகிற அளவுக்குச் சீட்டை இறக்கி, மறுபடி இறுக்கினாள் மகள். உட்கார்ந்தேன். கை ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் கணுவெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. வலது பெடலை மேலே கொண்டுவந்து ஒரு மிதி. முன் சக்கரம் இடது பக்கம் ஆடியது. இன்னொரு மிதி. மூன்றாவது மிதியில் இடுப்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. என் மூளைக்கு வரவில்லை, இடுப்புக்குத்தான் வந்தது. அண்ணன் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, சொல்லாமல் கையை எடுத்த அந்த நாள்போலவே இருந்தது.

கிழக்கே வார்ட்ஸ் பக்கம் போனோம். அந்த வழியில் ஏரியை ஒட்டிக் கொஞ்ச தூரம் பலகை பாவிய பாதை உண்டு. டயர் ஒவ்வொரு பலகையாகத் தாண்டும்போது தடதடவென்று ஒரு சத்தம், உள்ளங்கையில் ஒரு குறுகுறுப்பு. வலது கைப்பக்கம் ஒன்டாரியோ ஏரி, எதிர்க்கரை தெரியாது, கடல் மாதிரியேதான்.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அரை மணி நேரமாக நான் பின்னால் காது கொடுக்கவே இல்லை. சேலத்தில் ஸ்கூட்டி ஓட்டும்போது என் காதில் பாதி முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். ஐந்து ரோட்டில் பஸ் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, லாரி ஹாரன் எவ்வளவு கிட்டத்தில் கேட்கிறது, பைக்கில் வருகிற பையன் இடது பக்கம் நுழைவானா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படிக் கேட்கிறோம் என்பதே எனக்கு இத்தனை வருடம் தெரியாது. அது நின்ற பிறகுதான் தோள்பட்டை இறங்கியது. கை தளர்ந்தது.

அதனால், "கூட்டிப்போகலாமா?" என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. சமதளம் என்பதால் எளிது என்று முதல் நாள் எழுதினேன். சமதளம் பாதிதான். பின்னால் வண்டி வராது என்பது மீதிப் பாதி, எனக்கு அதுவே பெரிய பாதி.

மார்ச் 9

ஹெல்மெட் கேட்டவருக்கு: ஒன்டாரியோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே கட்டாயம், பெரியவர்களுக்கு இல்லை. அம்மாவுக்குப் போட்டுவிடுங்கள்.

மார்ச் 12

"ஒரு வண்டியும் கிடையாதா? நான் அங்கே டிரக்கைப் பார்த்தேனே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான திருத்தம். சொந்தக் கார் கிடையாது. பூங்காவைப் பராமரிக்கும் நகராட்சி வண்டி, குப்பை அள்ளும் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. நான் போன அன்று புல் வெட்டுகிறவர்களின் வண்டி ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. நாங்கள் ஒதுங்கும் வரை நடை வேகத்திலேயே வந்தது. காது கொடுக்கவில்லை என்று எழுதினேனே, அதில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தீவில் குடியிருப்பவர்களும் உண்டு. கிழக்குப் பக்கம் வார்ட்ஸிலும் பக்கத்து அல்காங்க்வின் தீவிலும் 260 வீடுகள் அளவில் இருக்கின்றன. அவர்களுக்கும் கார் கிடையாது. அரிசி பருப்பு வாங்குவதென்றாலும் படகில் ஊருக்குப் போய், தள்ளுவண்டியிலோ சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிய சின்ன வண்டியிலோ வைத்து இழுத்து வர வேண்டும். அந்த வீடுகளை இடித்துப் பூங்கா ஆக்க நகர நிர்வாகம் பல வருடம் முயன்றது. குடியிருந்தவர்கள் விடவில்லை. 1993இல் சட்டம் வந்து 99 வருடக் குத்தகை கிடைத்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி தள்ளுவண்டியிலிருந்து பால் டப்பாவையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் இறக்கிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மகள் உதவப் போனாள், வேண்டாம் என்று கையசைத்தார்.

மார்ச் 20

மகள் இருப்பது டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற பகுதி. கேள்வி கேட்ட தம்பியும் அங்கேதான் என்று இப்போது தெரிகிறது. அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: அந்தத் தீவின் மணல் உங்கள் பக்கத்து மணல். ஸ்கார்பரோவில் ஏரிக்கரையில் செங்குத்தாக நிற்கும் மண்மேடுகளை அலை அரித்து, அந்த மண்ணை நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டு போய்க் குவித்ததில் உண்டானது அது. முதலில் தீவே இல்லை, கரையோடு ஒட்டிய மணல் நாக்கு. 1858இல் அடித்த புயலில் அந்த ஒட்டு அறுந்தது. அதிலிருந்துதான் படகு தேவைப்படுகிறது.

மணல் சேர்ந்துகொண்டே இருந்ததற்கு அங்கே ஒரு சாட்சி நிற்கிறது. ஜிப்ரால்டர் பாயிண்ட் கலங்கரை விளக்கம், 1808இல் கட்டியது. கட்டும்போது தண்ணீரோரம். இப்போது கரை தள்ளிப் போய், மரங்களுக்கு நடுவே கல் தூணாக நிற்கிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதன் நிழலில்தான் சாப்பிட்டோம்.

இந்த மணல் கதையைப் படித்தபோது எனக்கு மூக்கனேரிதான் ஞாபகம் வந்தது. சேர்வராயன் மலைத் தண்ணீர் இறங்கி நிறைகிற ஏரி. ஒரு காலத்தில் வற்றி, குப்பை சேர்ந்து, பக்கத்தில் குடியிருந்த எங்களுக்கே பார்க்கப் பிடிக்காமல் கிடந்தது. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர் வாரினார்கள். அள்ளிய வண்டலை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள். சைக்கிள் அல்ல, ஆளே போக முடியாது. அதனால்தான் பறவைக்கு வசதி. விடியலில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஏப்ரல் 2

முட்டி வலி பற்றி நான் சொன்னதை மாற்ற வேண்டும், முக்கியமான விஷயம். சீட்டை இறக்கி இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்கார்ந்தேன் என்று எழுதினேன். பயம் போக அது நல்லது. முட்டிக்கு நல்லதில்லை. சீட் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கும், அழுத்தம் முழுக்க அங்கே போகும். அன்று சாயங்காலம் எனக்கு இரண்டு முட்டியும் கடுத்தது. வயதின் மேல் பழியைப் போட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். சேலம் திரும்பி வந்து சைக்கிள் கடைக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் காரணம் தெரிந்தது.

செய்ய வேண்டியது இது. முதல் பத்து நிமிடம் தாழ்வான சீட்டில் ஓட்டட்டும். தடுமாற்றம் நின்றதும் இறங்கி, சீட்டை இரண்டு விரல் உயர்த்துங்கள். இன்னும் கொஞ்சம் போனதும் இன்னும் இரண்டு விரல். பெடல் அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டி லேசாக மடங்கியிருந்தால் சரியான உயரம். அப்போது நிற்கும்போது நுனிக்கால்தான் தரையில் படும். அதற்குள் அம்மாவுக்குத் தைரியம் வந்திருக்கும்.

கியர் இருந்தால் லேசான கியரிலேயே வையுங்கள். வேகமாகச் சுற்றினாலும் பரவாயில்லை, அழுத்தி மிதிக்க வேண்டாம்.

ஏப்ரல் 6

வருவதற்கு முன் சேலத்திலேயே பழகட்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம். நான் பழகாமல் போனவள், உங்கள் அம்மா அப்படிப் போக வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள் வைத்திருக்கிறாள். போன வருடத்திலிருந்து விடுமுறை நாளில் அதை வாங்கிக்கொண்டு மூக்கனேரிப் பக்கம் போகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் ஆறரை வரை நடக்கிறவர்கள் மட்டும்தான். ஆறரைக்கு மேல் பால்காரர், பள்ளி வேன், பைக். அந்த முக்கால் மணி நேரம்தான் எனக்கு இங்கே தீவு. என் காது பின்னால் போகாமல் இருப்பதில்லை, ஆனால் அடிக்கடி போவதில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணி நேரம், விடியலில், கரையோரச் சாலையில் வண்டி வராமல் நிறுத்திவைத்தால் எத்தனை பெண்கள் சைக்கிளை எடுப்பார்கள் என்று யோசிப்பேன். எங்கள் தெருவிலேயே ஓட்டத் தெரிந்தும் ஓட்டாதவர்கள் ஆறு பேர். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கால் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. வண்டிக்குப் பயம் என்றுதான் ஆறு பேரும் சொன்னார்கள்.

மே 11

"கனடா எதற்கு, நம் ஏற்காட்டில் ஓட்டலாமே" என்று ஒரு அன்பர். ஆசைதான். போன டிசம்பரில் போய்ப் பார்த்தேன், நடந்ததைச் சொல்கிறேன்.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஞாயிறு விடியலில் சேலத்துப் பிள்ளைகள் கியர் சைக்கிளில் ஏறுவார்கள், பார்க்கவே பெருமையாக இருக்கும். எங்களுக்கு அது வேண்டாம், பஸ்ஸில் ஏறினோம். மேலே போனால் சமதளம் என்று நினைத்திருந்தேன். இல்லை. மலையைச் சுற்றி வரும் லூப் ரோடு 32 கிலோமீட்டர். இருபுறமும் காப்பிச் செடி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடி. அவ்வளவு அழகான சாலை. ஆனால் ஏற்றமும் இறக்கமும் ஓயாது, வளைவில் எதிரே வருவது தெரியாது.

சரி, ஏரிப் பக்கம் மட்டும் ஓட்டுவோம் என்று ஒரு கடையில் சைக்கிள் எடுத்தோம். பார்க்கப் புதிதாக இருந்தது, சோதிக்காமல் ஏறிவிட்டேன். ஏரியை நோக்கிய சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். பிடி ஹேண்டில் பார் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது, சக்கரம் நிற்கவில்லை. பின் பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு மட்டும் இருந்திருக்கிறது. இரண்டு காலையும் தரையில் தேய்த்து, மண்மேட்டில் மோதி நிறுத்தினேன். செருப்பின் அடி கிழிந்து தொங்கியது. காயம் பெரிதாக இல்லை. கடையில் போய்ச் சொன்னால், "மெதுவாகப் போயிருக்கலாமேம்மா" என்றார்கள். அந்தச் சொல்தான் இன்னும் வலிக்கிறது. வாடகைக்குக் கொடுக்கிறவர் பார்த்துத் தர வேண்டிய ஒன்று பிரேக்.

எங்கே எடுத்தாலும் இப்படிச் சோதியுங்கள். ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து, சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருண்டால் வேறு கேளுங்கள்.

ஏற்காட்டைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மே மாதம் கோடை விழாக் கூட்டம் முடியட்டும். மழைக்குப் பிறகு ஒரு செவ்வாய், புதன் பாருங்கள். லூப் ரோட்டில் நடந்தே ஒரு மணி நேரம் போகலாம். காப்பிப் பூ மணம் மார்ச், ஏப்ரலில்.

ஜூன் 3

அடுத்த வாரம் அம்மா விமானம் ஏறுகிறார் என்றீர்கள். விட்டுப்போனவை:

காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். முதலில் மேற்கே போங்கள், எதிர்க்காற்றைக் களைப்பு வரும் முன்பே வாங்கிவிடலாம். வரும்போது முதுகில் தள்ளும். நாங்கள் கிழக்கே போய்விட்டு மேற்கே திரும்பி மாட்டிக்கொண்டோம்.

வாத்துக் கூட்டம் பாதையில் நிற்கும். பெரிய வாத்துகள், கழுத்து கறுப்பு. மணி அடித்தால் நகராது. குஞ்சு வைத்திருந்தால் சீறும். இறங்கித் தள்ளிக்கொண்டு தாண்டுங்கள்.

ஹான்லன்ஸ் பக்கம் ஏரியின் மணற்கரையில் ஒரு பகுதியில் உடை கட்டாயமில்லை. பலகை வைத்திருப்பார்கள். பாதையிலிருந்து எதுவும் தெரியாது, அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சங்கடமில்லை.

சாயங்காலம் திரும்புகிற படகுக்கு வரிசை நீளம். ஐந்து மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நான் புளிசாதமும், சேலத்திலிருந்து கொண்டுபோன தட்டுவடையும் எடுத்துப் போனேன். பீட்ரூட், கேரட் துருவலை டப்பாவில் தனியாக, சட்னி தனியாக. புல்வெளியில் உட்கார்ந்து, நம் ஊர் வண்டிக்கடையில் அடுக்குவது போலவே இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவலும் வைத்து செட் அடுக்கினேன். பக்கத்துப் பாயில் இருந்த யாழ்ப்பாணக் குடும்பம் என்ன என்று கேட்டது, அவர்களுக்கும் நாலு.

ஜூலை 7

தம்பி எழுதியிருக்கிறார்! அப்படியே போடுகிறேன்: "அம்மா கலங்கரை விளக்கம் வரை ஓட்டினார். போகும்போது இரண்டு இடத்தில் இறங்கினார், வரும்போது இறங்கவில்லை. நான் பின்னாலேயே வந்தேன். பாதி வழியில், 'நீ முன்னால் போடா, நான் வருகிறேன்' என்றார்."

இதை நாலு தடவை படித்துவிட்டேன்.

செப்டம்பர் 28

இந்தக் கேள்விக்குக் காரணமான அம்மா ஊர் திரும்பிவிட்டார். மகனிடம் என் நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். இன்று விடியலில் முதல் டவுன் பஸ் பிடித்து கன்னங்குறிச்சி வந்தார். போன மாதம் நான் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன், அதை மாற்றி மாற்றி ஓட்டினோம். நேற்று பெய்த மழையில் ஏரி நிறம் மாறியிருந்தது. திட்டு மரங்களில் கொக்கு.

முதல் முறை அவர் ஏறும்போது சீட் எனக்கு வைத்த உயரத்தில் இருந்தது. என்னைவிட அவர் உயரம். உட்கார்ந்து பார்த்தார், இறங்கினார், பிடியைத் தளர்த்தினார். சீட்டுக் கம்பியில் இரண்டு விரலை வைத்து அளந்து உயர்த்தி இறுக்கிவிட்டு, "இப்போ சரிங்க" என்று சொல்லி மிதித்துப் போனார்.